ராகி வயலில் போய் நின்ற டிரெய்லர்

லிங்கராஜபுரம்,
12-11-2002

அன்பு மகள் மமதாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பா கொஞ்சம் கூடுதலாகவே சுகம், காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது என்று உன் தம்பி உமேஷ் சொன்னான், காதை மூடாமல் வெளியே போகாதே.

பைபாஸ் ஆனதிலிருந்து அப்பா எப்படி இருந்தார் என்று உனக்கே தெரியும். எட்டு மாதமாகப் பால் பூத்துக்குக்கூட என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனார், நாலு அடிக்கு ஒருமுறை நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பார். நீ அனுப்பிய கூடாரமும் தூங்கும் பைகளும் வந்ததும், இதையெல்லாம் ஏற்றிப்போக வண்டி வேண்டாமா என்று தெருமுனை வெல்டிங் கடை மைக்கேல்ராஜிடம் போய் உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ சக்கரம் இரண்டு, தகரப் பெட்டி, மேலே தார்ப்பாய், ஒரே மாதத்தில் உமேஷின் ஜீப்புக்குப் பின்னால் மாட்ட ஒரு குட்டி டிரெய்லர் தயார். பின்கதவை இறக்கினால் அதுவே ஸ்டவ் வைக்கும் மேடை. அது என் யோசனை, அவர் தன்னுடையது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

சனிக்கிழமை உமேஷ், அவன் மனைவி சோனியா, குழந்தை ஸ்னேஹா, நாங்கள் இருவர், ஆனேக்கல் தாண்டி முத்யால மடு அருவிக்கு, ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று புறப்பட்டோம். ஓர் ஏற்றத்தில் ஜீப் குலுங்கியது, திரும்பிப் பார்த்தால் டிரெய்லர் எங்களை விட்டுவிட்டுப் பின்னால் உருண்டு போகிறது. கொக்கி கழன்றுவிடாமல் செருகுகிற பின்னைப் போட மறந்தது உமேஷ்தான். அவன் வண்டியை நிறுத்தியதும் அப்பா குதித்து இறங்கி, "ஏய் நில்லு, நில்லு" என்று மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி கத்திக்கொண்டே அதன் பின்னால் ஓடினார். "ஐயோ ஓடாதீங்க" என்று நான் அவர் பின்னால் ஓடினேன், இந்த முட்டியை வைத்துக்கொண்டு. அது நேரே ஒரு ராகி வயலில் இறங்கி வரப்பில் முட்டி நின்றது. வயல்காரர் நிதானமாக நிமிர்ந்து, "ஏன் சார், மதுவெ சாமானா" என்றார், கல்யாணச் சாமானா என்று கேட்கிறாராம்!

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா டிரெய்லரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எனக்கு உயிரே இல்லை. வலிக்குதா என்றேன். அப்போதுதான் அவருக்கே ஞாபகம் வந்து நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வள்ளி, நான் ஓடினேன் இல்ல?" என்றார். "ஓடினீங்க" என்றேன். "எவ்ளோ தூரம் இருக்கும்?" என்றார். உமேஷ் நூறடி என்கிறான், அவர் முந்நூறுக்குக் குறைய மாட்டேன் என்கிறார். மறுநாள் காலை என் கையைப் பிடிக்காமல், அங்கங்கே உட்கார்ந்து, அருவி வரை இறங்கி ஏறிவிட்டார். நேற்று டாக்டர் முதலில் நன்றாகத் திட்டினார், ஈசிஜி பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, ஓட வேண்டாம், தினமும் நடங்கள் என்றார்.

இது உனக்கு மட்டும். எல்லோரும் டிரெய்லரைத் தள்ளிக்கொண்டிருந்தபோது நான் ஜீப்புக்கு அந்தப்பக்கம் நின்று அழுதேன். இத்தனை மாதமும் அவர் மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டுக்கொண்டேதான் படுத்திருந்தேன் மமதா. அன்று கூடாரத்தில் படுத்ததுதான் தெரியும். நான் குறட்டை விட்டேனாம், அவர் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாராம்.

கூடார ஆணி இரண்டு வளைந்துவிட்டது, நாலு அனுப்பி வை, மைக்கேல்ராஜிடம் விட்டால் விளக்குக் கம்பம் மாதிரி செய்துவிடுவார். வேளைக்குச் சாப்பிடு. நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
வள்ளியம்மா