லாத்தாவின் கருப்பட்டிக் காப்பி

லாத்தா,

ஐப்பசி மழை நேற்றிலிருந்து விடவே இல்லை. காலையில் அடுப்படிக்குப் போனால், ஓலைக் கொட்டானில் வைத்திருந்த கருப்பட்டி ஈரக்காற்று பட்டுக் கசிந்து, பலகையில் கறுப்பாகச் சின்னக் குளம் கட்டியிருந்தது. துடைப்பதற்குத் துணியை எடுத்தேன்; துடைக்க மனம் வரவில்லை. கொஞ்சம் புகை, கொஞ்சம் சுண்ணாம்பு, அடியில் எங்கோ மண். அந்த வாசனை என்னைப் புதுமடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், உங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டது. "ஏ புள்ள, நனையாம உள்ள வா" என்று நீங்கள் கூப்பிடுவதற்காகவே சற்று நேரம் அப்படியே நின்றேன்.

பரமக்குடிப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து உச்சிப்புளிக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். உங்கள் தெரு அங்கன்வாடிக்கு டீச்சராக வந்தபோது, கடல் இரைவதைக் கேட்டு லாரி வருகிறதென்று ஒதுங்கி நின்றவள். நீங்கள் உங்கள் ஒரே மகனை இடுப்பில் தூக்கிவந்து என்னிடம் விட்டீர்கள். அவன் அழுதான், அவனை விட்டுவிட்டுப் போக முடியாமல் நீங்களும் அழுதீர்கள். இரண்டு பேரையும் உட்காரவைத்து நான்தான் சத்துமாவு உருண்டை கொடுத்தேன். தெருவே உங்களை லாத்தா என்று கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டேன். எனக்குக் கூடப்பிறந்த அக்கா யாரும் இல்லை என்பதை நான் அதன்பிறகு நினைத்ததே இல்லை.

பிள்ளைகள் தூங்கும் மத்தியானங்களில் உங்கள் கருப்பட்டிக் காப்பி சுவரைத் தாண்டி வரும். சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டு, மேலே ஒரு ஏலக்காய். அப்போது அது ருசிக்காகக் குடித்தது. உங்கள் வீட்டுக்காரர் மச்சான் மவுத்தாகி நீங்கள் தனியான பிறகு உங்களுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்ததும், அதுவே மருந்தாகிவிட்டது. அன்றே சீனி டப்பாவைக் கவிழ்த்து எறும்புக்குப் போட்டீர்கள். "வெள்ளச் சீனிதான் புள்ள வெஷம். இது பன மரத்துச் சாறு. ஒண்ணும் செய்யாது" என்று, முன்னைவிட அதிகமாகக் குடிக்க ஆரம்பித்தீர்கள். காலையில் ஒன்று, வெயில் ஏறியதும் ஒன்று, யார் வந்தாலும் ஒன்று. மாத்திரை சூடு என்று சொல்லி, நினைத்த நாளில் போட்டீர்கள். துபாயிலிருந்து மகன் அனுப்பிய தேன் பாட்டில் வேறு தலைமாட்டில் இருந்தது. எனக்கும் அதெல்லாம் சரியென்றே பட்டது. ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

பிறகு உங்கள் கண்ணில் பனி இறங்கியது.

சாயங்காலம் கடற்கரை மணலில் நாம் உட்கார்ந்திருப்போம். காற்று இல்லாத நாட்களில் நம் கடல் கண்ணாடி விரித்த மாதிரி கிடக்கும். நீங்கள் கையை நீட்டி, "அங்கன பாரு, வள்ளம் ஒண்ணு ஆகாசத்துல போகுது" என்பீர்கள். கடலும் வானமும் சேரும் கோடு உங்களுக்கு அழிந்துபோயிருந்தது. வள்ளங்கள் மேகத்துக்குள் போய் வந்தன. கொக்குகள் தண்ணீருக்கு அடியில் பறந்தன. "எல்லாம் பால் ஊத்துன மாதிரி இருக்கு புள்ள. பாக்க அழகாத்தான் இருக்கு." நான் பயந்துபோய் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் கனவு காண்கிறவரைப் போல் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

மகனிடம் இதைச் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவன் வீடியோவில் வருவான். போனை நான் பிடித்துக்கொள்வேன்.

"உம்மா, எப்படி இருக்கேன்?"

"ராசா கணக்கா இருக்கலே!"

உங்களுக்குத் தெரிந்தது வெளிச்சத்தில் ஒரு நிழல் அசைவது மட்டும்தான். அது எனக்குத் தெரியும்.

அவனுக்குக் கல்யாணம் பேசி முடித்து, அவன் லீவில் வருகிறான் என்றானபோதுதான் உங்களுக்குப் பதற்றம் வந்தது. "வார மருமக மொகத்த நான் தடவிப் பாத்தா தெரிஞ்சுக்கணும்? வா, கண்ணுப் பொரைக்கு ஆபரேஷன் செஞ்சிருவோம்" என்று நீங்களே கிளம்பினீர்கள்.

ராமநாதபுரம் கண் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, அந்த இளவயது டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். "சர்க்கரை இவ்வளவு இருக்கும்போது கண்ணுல கை வைக்கிறது நல்லதில்லம்மா. குறைச்சுட்டு வாங்க."

"நான் சீனியவே தொடுறதில்லையே!"

"காப்பிக்கு என்ன போடுறீங்க?"

"கருப்பட்டி" என்றீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் குரலில் ஒரு பெருமை இருந்தது.

டாக்டரம்மா கோபப்படவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க வீட்டுலயும் கருப்பட்டிதாம்மா. சீனியில வெறும் இனிப்பு மட்டும்தான். கருப்பட்டியில இரும்புச்சத்து மாதிரி சில சத்துக கொஞ்சம் இருக்கு, அது நெசம். நல்லா இருக்கிறவங்களுக்குச் சீனிக்கு இது தேவலாம். ஆனா உங்க ஒடம்புக்குள்ள போனா கருப்பட்டியும் சர்க்கரைதான், தேனும் சர்க்கரைதான். பன மரத்துலருந்து வந்துச்சா, ஆலையிலருந்து வந்துச்சான்னு ரத்தம் கேக்காதும்மா. மாத்திரைய ஒரு நாளும் விடாதீங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். இறங்கும்போது, "நம்பி நம்பிக் குடிச்சேனே புள்ள" என்றீர்கள். ஏமாற்றியது வியாபாரி என்றால் நாலு வார்த்தை திட்டலாம். மரத்தை எப்படித் திட்டுவது?

மறுநாளே தேன் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டீர்கள். இனிப்புக்குப் பதில் என்னவென்று நாம் இரண்டு பேரும் தேடிய அந்த மாதங்கள், இப்போது நினைத்தால் ஒரு நீளமான பகல் கனவு மாதிரி இருக்கின்றன. நாட்டு மருந்துக் கடைக்காரர் அதிமதுரக் குச்சி கொடுத்தார். வாயில் அடக்கிக்கொண்டு குழந்தை மாதிரி சிரித்தீர்கள். ஊர் நர்ஸிடம் சொன்னபோது, உங்களைப் போல் ரத்தக் கொதிப்பும் இருக்கிறவர்கள் அதைத் தொடக் கூடாதென்று பிடுங்கிப் போட்டாள். சீனித்துளசிச் செடியை யாரோ தொட்டியில் வைத்துத் தந்தார்கள். ஒரு இலையைக் கிள்ளி மென்றுவிட்டு முகத்தைச் சுளித்தீர்கள். "இனிக்கத்தான் செய்யுது. ஆனா பொய் சொல்லுற மாதிரி இனிக்குது." அந்தச் செடி ஆடு தின்னும்வரை உங்கள் வாசலில் இருந்தது. கடைசியில் டீயில் ஒரு துண்டுப் பட்டையைத் தட்டிப் போட்டோம். அதில் இனிப்பு இல்லை. இனிப்பு வரப்போகிறது என்பது போல ஒரு மணம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நாட்களைத் தள்ளினீர்கள். டாக்டரம்மா ஒரே ஒரு பேரீச்சம்பழத்துக்கு அனுமதி கொடுத்திருந்தார். நார்ச்சத்து உள்ளதால் அது கொஞ்சம் மெதுவாக ரத்தத்தில் சேரும் என்றார். அதையும் பல்லால் கீறிக் கீறி அரை நாழிகை தின்பீர்கள். சாயங்காலம் மணலில் நடந்தோம். முதலில் பள்ளிவாசல் வரை, பிறகு வலை காயப்போடும் இடம் வரை, பிறகு எதுவரை என்று பார்க்காமல்.

ஒரு நாள் நான் உள்ளே வந்தபோது கையில் பால் டம்ளரோடு அசையாமல் உட்கார்ந்திருந்தீர்கள்.

"என்ன லாத்தா?"

"இதுல நீ எதுவும் போட்டியா?"

"நான் இப்பத்தானே வாரேன்."

"பால் இனிக்குது புள்ள. வெறும் பால். இத்தன வருஷமா இது இனிக்கும்னே எனக்குத் தெரியாது."

அன்றிலிருந்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தீர்கள். வதக்கிய உள்ளி இனித்தது. பச்சைத் தேங்காய் இனித்தது. காலையில் வந்த மீனில்கூட இனிப்பு இருப்பதாகச் சொன்னீர்கள். மாற்று ஒன்றைத் தேடி அலைந்து, கடைசியில் உங்கள் நாக்கையே மாற்றிக்கொண்டீர்கள். மறுபடி ராமநாதபுரம் போனபோது டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "எப்படிம்மா?" நீங்கள் தலைமுக்காட்டைச் சரி செய்துகொண்டு, "மாத்திர ஒழுங்காப் போட்டேன். கருப்பட்டிய மறந்துட்டேன்" என்றீர்கள். மறந்தீர்களா என்ன!

ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்ததும் முதலில் என்னைத்தான் பார்த்தீர்கள். "ஏ புள்ள, ஒனக்கு இம்புட்டு நரையா?" என்றீர்கள். பிறகு உங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது யாரு கை?" என்றீர்கள். ஊர் திரும்பிய சாயங்காலமே கடற்கரைக்கு நடந்தோம். கடல் கடலாகவும் வானம் வானமாகவும் இருந்தன. வள்ளங்கள் தண்ணீரில்தான் போய்க்கொண்டிருந்தன. நீங்கள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "என்னோட பழைய கடல் எங்க போச்சு புள்ள?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். நீங்கள் வர்ணித்துக் காட்டிய அந்தக் கடலை நானும்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

மகன் வந்து காரிலிருந்து இறங்கினான். நீங்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வீர்கள் என்று எல்லோரும் பார்த்திருக்க, நீங்கள் இரண்டடி தள்ளியே நின்றீர்கள்.

"ஏலே, முன்னால முடியெல்லாம் எங்கலே?"

அவன் சிரித்தான். "அது கொட்டி எம்புட்டு நாளாச்சு. வாரா வாரம் பாத்துட்டுத்தானே இருந்தீங்க? ராசா கணக்கா இருக்கேன்னீங்களே உம்மா..."

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டான். உங்களைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. வாசலிலேயே உட்கார்ந்து, அங்கன்வாடிக்கு வந்த முதல் நாள் மாதிரி அழுதான். நீங்கள் அவன் தலையை மடியில் இழுத்துக்கொண்டு, முடியில்லாத அந்த நெற்றியைக் கண் கொட்டாமல் பார்த்தபடி இருந்தீர்கள்.

கல்யாணத்துக்குத் தொதல் கிண்டினார்கள். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் பெரிய சட்டியில் கொதித்து, எண்ணெய் பிரிந்து, தெருவே மணந்தது. உங்களிடம் தட்டை நீட்டவே எனக்குத் தயக்கம். நீங்களே வந்து நக நுனி அளவு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினீர்கள். அது கரைந்து முடிந்த பிறகுதான் கண்ணைத் திறந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "இம்புட்டுப் போதும். ஆனா இந்த இம்புட்டு வேணும்."

மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் போனீர்கள். விடியற்காலை சுபுஹுக்குக் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டு, தொழுகை விரிப்பில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்களாம். நெஞ்சு என்றார்கள். நான் முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது உங்கள் முகம் நன்றாகத் தூங்கி எழப்போகிறவர் முகம் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது லாத்தா. சங்கடமெல்லாம் இல்லை. மாத்திரையை விடுவதில்லை, வெறும் பால் எனக்கும் இப்போது இனிக்கிறது.

இதை எழுத உட்கார்ந்ததற்கு வேறு காரணமும் இருக்கிறது. போன வாரம் உங்களுக்குப் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியில் யாரோ தேன் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு வயதுவரை குழந்தைக்குத் தேன் ஆகாதென்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அப்படியென்றால் பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பாக வைக்கும் சேனையை எதைத் தொட்டு வைப்பது, யார் வைப்பது என்று பேச்சு நடந்தது. என்னைச் சின்னம்மா முறையில் சாச்சி என்று கூப்பிடும் உங்கள் மகன் என் பக்கம் திரும்பினான்.

"சாச்சி, நீங்க வைங்க."

மருமகளைப் பெற்ற உம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வைக்கிறவங்க கொணந்தான் பிள்ளைக்கு வரும்பாக" என்று இழுத்தார்.

"அதுக்காகத்தான் சொல்றேன்" என்றான் அவன்.

அவர் சற்று யோசித்துவிட்டு, என் கையைப் பிடித்துக் கட்டிலருகே கூட்டிப்போய் விட்டார். மருமகள் என் விரல் நுனியில் தாய்ப்பாலில் ஒரு சொட்டு விட்டாள். அந்தச் சின்ன உதட்டில் அதைத் தொட்டு வைத்தேன். பிள்ளை ஒரு நிமிடம் திகைத்தாள். பிறகு சப்புக்கொட்டினாள். என் குணம் என்று நான் அவளுக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் உங்களிடம் வாங்கியதுதான்.

வரும் வழியில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். "என்னக்கா, தனியா சிரிச்சுட்டு வாரீங்க?" என்று கேட்டாள்.

"பேத்தி பொறந்திருக்கா" என்றேன்.