ஏழு பேரும் நன்றென்று எழுதிய பாடம்

மாயாபந்தர், அந்தமான்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரூபாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டாமல் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பழனிசாமி செவ்வாய்க்கிழமை மெயின்லேண்ட் கப்பல் ஏறுகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், என் குரல் நடுங்கினால் அவளும் பயந்துவிடுவாள். இது உன் கைக்கு வரும்போது நாளைய காரியம் முடிந்திருக்கும், எப்படி முடிந்திருக்கும் என்றுதான் தெரியவில்லை.

பயணிகளுக்கு லைஃப் ஜாக்கெட் போடச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்காக, எங்கள் படகு ஆட்கள் எட்டுப் பேரும் ஆளுக்கு ஏழு நிமிடம் மாதிரிப் பாடம் நடத்த வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, அது வியாழக்கிழமை நடந்தது. பி.எட். வகுப்பில் உனக்குச் சொன்னதை நீ எனக்குச் சொன்னாயே, அப்படியேதான் திட்டம் போட்டேன். ஏழு நிமிடத்துக்கு ஒரே ஒரு விஷயம், பேச்சைக் குறைத்துக் கையால் செய்து காட்டுவது, கடைசி இரண்டு நிமிடம் அவர்களையே செய்ய வைப்பது. நேரத்துக்குள் முடித்துவிட்டேன். கேட்டவர்கள் ஆளுக்கொரு தாளில் எது நன்று, எதைத் திருத்த வேண்டும் என்று எழுத வேண்டும். நாங்கள் காலையிலேயே டீக்கடையில் பேசிவைத்துவிட்டோம், யாரும் யாரையும் குறை எழுதக் கூடாது என்று. ஏழு பேரும் நன்று என்று எழுதினார்கள், திருத்த வேண்டியது என்ற இடத்தில் ஏழு பேரும் ஒரே மாதிரி 'குரல் இன்னும் சத்தமாக' என்று எழுதியிருந்தார்கள். போர்ட் பிளேரிலிருந்து வந்த பயிற்சி மேடத்துக்குப் பாடம் நடத்தத் தெரியும், ஜாக்கெட் தெரியாது. அவரும் கைதட்டினார்.

சாயங்காலம் அந்தப் பெருமையில் அம்மாவுக்கு ஜாக்கெட்டைப் போட்டுக் காட்டினேன். அவள் சாதம் வடிக்கப் போக வேண்டும் என்று, முடிச்சை அவிழ்க்காமலே தலை வழியாகக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். "என்னங்க, அவுக்காமலே வந்துருச்சு" என்றாள். நான் அந்த முடிச்சையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன் ரூபா. வீட்டுக்குள்ளேயே இப்படி வருகிறதென்றால் தண்ணீரில் ஆளை விட்டுவிட்டு ஜாக்கெட் மட்டும் மிதக்கும். இடுப்பு நாடாவை முதுகுப் பக்கம் சுற்றிக் கொண்டுவந்து இறுக்கிக் கட்ட வேண்டும். பயணிகள் மூச்சு முட்டுகிறது என்பார்கள், அதனால் முன்பக்கமே தளர்வாக ஒரு முடிச்சு போட்டுப் பழகிவிட்டோம். எட்டுப் பேரும் அப்படித்தான். பழகியது தப்பாகவே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை, படகோட்டும் தேவேந்திரன் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "அரே, சோடோ, விட்டுத் தள்ளு ஒச்சப்பா. இத்தனை வருஷத்துல ஒரு ஆளு விழுந்தானா? நீ எழுந்து நின்னு தப்புன்னு சொன்னா எட்டுப் பேர் வேலையும்ல ஆட்டம் காணும்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, எல்லாருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. ஆனால் புதன்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாற்பது பேர் படகு ஏறுகிறார்கள், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நேற்று மேடத்துக்குப் போன் செய்து, என் பாடம் தப்பு, திங்கட்கிழமை இன்னும் ஒரு ஏழு நிமிடம் கொடுங்கள் என்று கேட்டுவிட்டேன். அதிலிருந்து தேவேந்திரன் அண்ணன் என்னிடம் பேசவில்லை.

நாளை காலை எட்டரை மணிக்கு. முதலில் பழைய மாதிரி கட்டி, அவிழ்க்காமலே கழற்றிக் காட்டுவேன். பிறகு சரியாகக் கட்டிக்கொண்டு, ஜாக்கெட்டின் தோள்பக்கத்தைப் பிடித்து மேலே இழுங்கள், தாடையைத் தாண்டி வந்தால் நான் தோற்றேன் என்று சொல்வேன். யார் முன்வந்து இழுப்பார்கள் என்று தெரியவில்லை. எத்தனை வருடமாக இப்படிக் கட்டுகிறீர்கள் என்று மேடம் கேட்டால் இருபத்திரண்டு என்று சொல்ல வேண்டும். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று, அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. போன ஜூனில் நீ கல்லூரிக்குக் கிளம்பியபோது கடல் எப்படிக் கொந்தளித்தது, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது எல்லாரும் கத்தினார்களே, அன்று உனக்கு ஜாக்கெட்டைக் கட்டிவிட்டது நான்தான். இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு ஆள்தான் "லூசா இருக்குப்பா" என்று என்னிடம் சொன்னது, அது நீ. நான் உன் கன்னத்தைத் தட்டி, போதும் போய் உட்காரு என்றேன்.

உன் மாதிரிப் பாடமும் நல்லபடியாக அமையட்டும், தெய்வம் உனக்குத் துணையிருக்கட்டும், நீடூழி வாழ்க. இருமலுக்கு மருந்து வாங்கினாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். மே மாதம் வரும்போது யார் கட்டிவிட்டாலும், நானே கட்டிவிட்டாலும், லூசாக இருந்தால் திரும்பவும் சொல்லம்மா. இந்த முறை கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஒச்சப்பன்