எல்லம்மாள் அழவில்லை

1937 பிப்ரவரி 5, வெள்ளி. அம்பத்தூர்

கப்பல் டிக்கெட் உறுதியாயிற்று. மார்ச் 11, வியாழன், சென்னைத் துறைமுகம். இன்னும் முப்பத்து நான்கு நாள்.

பினாங்கில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தியாதான் வெளிநாடு. வேலை ஒரு வருஷத்துக்கு: மலாயாத் தோட்டங்களுக்குப் போனவர்களின் ஊர் வீடுகளைப் பார்த்து, வாரம் ஒரு கடிதம் பத்திரிகைக்கு எழுத வேண்டும். இதுவரை நாற்பத்தாறு கடிதம் எழுதியிருக்கிறேன். வந்தபோது அம்பத்தூரில் ஒருவரையும் தெரியாது. இப்போது ரயிலடிக்குப் போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆகிறது. நடை பத்து நிமிஷம்தான், மீதியெல்லாம் பேச்சு.

நான் திரும்பிப் போகிறேன் என்று தெரிந்ததும் பொட்டலங்கள் வரத் தொடங்கிவிட்டன. இன்று மூன்று. ஜட்கா வண்டி ஓட்டும் அமீர், ஈப்போவில் இருக்கும் தங்கை மஹ்பூபாவுக்கு அத்தர்ப் புட்டி கொடுத்தான். ஒரு பானை வடகம் வந்தது. ஒரு முறமும் வந்தது. முறத்தை எந்தப் பெட்டியில் வைப்பது?

வீட்டுக்காரர் ஜெயராமனுக்கு ரயிலடியில் பார்சல் ஆபீஸ் உத்தியோகம். மூட்டைகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “சார், சாமானையெல்லாம் நீங்க கையில வெச்சிக்குங்க. உங்களை நான் பார்சல்ல போட்டுடறேன். எடை கம்மியா வரும்.”

பிப்ரவரி 8, திங்கள்

பினாங்கிலிருந்து பத்திரிகைக் கட்டு வந்தது, ஜனவரி மாத இதழ்கள். ஜெயராமன் அதை ரயிலடிக் காபி கிளப்புக்கு எடுத்துப் போய் உரக்கப் படித்தாராம். நன்றாக ரசித்தார்கள் என்றார்.

பிப்ரவரி 10, புதன்

விடைபெற்று வரலாம் என்று அயனம்பாக்கம் போனேன். வழக்கமாகக் குதிரையோடும் என்னோடும் மாறி மாறிப் பேசுகிற அமீர் இன்று குதிரையோடு மட்டும் பேசினான். ஏரிக்கரை திரும்பும்போதுதான் வாயைத் திறந்தான். “எல்லம்மா ஊட்டுக்குக் கடைசியா போலாம் அண்ணாத்தே. அது கோவமா கீது.”

முதலில் அங்கேதான் போனேன்.

எல்லம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். பால் வியாபாரம். கணவன் கோதண்டம் மலாயாவுக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. நான்கு வருஷமாகக் கடிதம் இல்லை. டிசம்பரில் அவளைப் பற்றி எழுதியிருந்தேன். அன்று மோர் கொடுத்தவள் இன்று எருமையைத் தேய்த்துக்கொண்டே, திரும்பாமல் பேசினாள்.

“போறியா? போ. போறதுக்கு முன்னால நீ எழுதினதை அழிச்சிட்டுப் போ.”

என் கடிதத்தில், கணவன் வருவான் என்று அவள் கண்ணீருடன் காத்திருப்பதாக ஒரு வரி உண்டு. ஜெயராமன் அதைப் படித்ததும், கிளப்பில் யாரோ ஒருவர், பாலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று இப்போதுதான் புரிகிறது என்றிருக்கிறார். இரண்டே நாளில் அந்த வேடிக்கை ஏரிக்கரை முழுக்கப் பரவிவிட்டது. இன்று காலை கிளப் முதலாளி கோவிந்தன், அவள் கண்ணெதிரே பால் குடத்துக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். இரண்டு வீட்டில் நாளை முதல் பால் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

“நான் அழுதேன்னு உன்னாண்ட சொன்னேனா நைனா?”

கண்ணில் நீர் இருந்ததே என்றேன்.

“ஈர வெறகு. ஊதிக்கினு இருந்தேன். இன்னா ஏதுன்னு நீ கேட்டியா?”

கேட்கவில்லை.

“அங்க அந்த ஆளு காதுல இது உழுந்தா இன்னா நெனைப்பாரு? ஆறு வருசமா மூலையில குந்திக்கினு மூக்கைச் சிந்தறேன்னா?”

அமீர் குதிரைக்குக் காட்ட வேண்டிய புல்லைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

பிப்ரவரி 11, வியாழன்

எங்கள் பத்திரிகையில் தவறு செய்தவர் தம் பெயர் போட்டுத் திருத்தம் எழுத வேண்டும். இருபத்தேழு வருஷத்தில் என் பெயரில் ஒரு திருத்தம் வந்ததில்லை. மற்றவர்கள் எழுதிய திருத்தங்களைச் சுவரில் ஒட்டிச் சிரித்தவன் நான்.

விட்டுவிடலாம். ஒரு மாதத்தில் கப்பல் ஏறிவிடுவேன். அதன் பிறகு யார் கேட்கப் போகிறார்கள்?

டிசம்பர்க் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். பதினாறாம் தேதிப் பக்கம்: “கண்ணில் நீர் – புகை?”

அந்தக் கேள்விக்குறியை நான்தான் போட்டிருக்கிறேன். அச்சுக்கு அனுப்பும்போது புகையையும் கேள்விக்குறியையும் விட்டுவிட்டேன். ஏன்டா விட்டே? படிக்க நல்லா இருந்துச்சு, அதான். வேற என்ன?

பிப்ரவரி 12, வெள்ளி

ஒன்பது வரியில் திருத்தம் எழுதி எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். எல்லம்மாள் கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொன்னாள். ‘மனத்துணிவு மிக்க பெண்மணி’ என்றிருந்ததை, அது எதற்கு, மாடு எத்தனை என்று போடு என்றாள். ‘ஏக்கத்தை மறைத்துக்கொண்டு’ என்ற இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்தாள்; நானே அடித்துவிட்டேன். மூன்று ஆசிரியர்களிடம் வேலை செய்திருக்கிறேன். ஒருவரும் என் எழுத்தை இப்படி வெட்டியதில்லை.

கணவனைப் பற்றி என்ன எழுதுவது என்று, இந்த முறை, கேட்டேன். எருமைக் கன்று தாம்புக்கயிற்றை மென்றுகொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து கயிற்றை இழுத்துவிட்டுச் சொன்னாள்.

“வந்தா வேலை கீது. வராட்டி பால் நின்னுடாது. அப்படியே போடு.”

கடைசியில் தேறியது இவ்வளவு:

“அயனம்பாக்கம் எல்லம்மாள் கணவரை எண்ணிக் கண்ணீருடன் காத்திருப்பதாக ஜனவரி 9ஆம் தேதி இதழில் எழுதியிருந்தேன். தவறு. அவர் அழவில்லை, அது அடுப்புப் புகை. அவரிடம் இரண்டு எருமையும் ஒரு பசுவும் இருக்கின்றன. கணவர் வந்தால் வேலை இருக்கிறது. வராவிட்டாலும் பால் நின்றுவிடாது. விசாரிக்காமல் எழுதியதற்கு வருந்துகிறேன். – ராஜசேகரன்.”

மாலைத் தபாலில் சேர்த்தேன். நல்ல பசி. இரண்டு தட்டு இட்லி சாப்பிட்டேன்.

பிப்ரவரி 14, ஞாயிறு

அச்சில் வருவது பினாங்குக்கு; சொல்லடி பட்டது இங்கே. ஆகவே காலை ஏழரை மணிக்கு, காபி கிளப் நிறைந்திருக்கும் நேரத்தில், எழுந்து நின்று திருத்தத்தைப் படித்தேன். ‘அடுப்புப் புகை’ வந்ததும் சிரித்தார்கள். இந்தத் தடவை என்னைப் பார்த்து. வாசலில் குடத்தோடு நின்ற எல்லம்மாள் சிரிக்கவில்லை. கோவிந்தனிடம் குடத்தை நீட்டி, நல்லா எட்டிப் பாரு என்றாள். அவர் பார்க்கவில்லை. நாளை முதல் ஒரு படி சேர்த்து ஊற்றச் சொன்னார்.

மார்ச் 3, புதன்

பொட்டலங்கள் பத்தொன்பது. அதில் முறம் இரண்டு.

மார்ச் 10, புதன்

மத்தியானம் அமீர் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. பூந்தமல்லியிலிருந்து, சமைத்த பெரிய தேக்சாப் பாத்திரத்தோடு ஜட்காவில் வந்து இறங்கியது. மலாயாவில் அரிசி கிடைக்குமா என்று அமீரின் அம்மா அஷ்ரஃபுன்னிசா கவலைப்படுகிறாராம். கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினேன். நம்பமாட்டார் என்றான் அமீர்.

மார்ச் 11, வியாழன்

அம்பத்தூர் ரயிலடி, காலை ஆறே முக்கால் வண்டி. வந்தவர்கள் முப்பது பேருக்குக் குறையாது. ஜெயராமன் இருபத்திரண்டு உருப்படிகளைத் தம் கையால் எண்ணி ஏற்றினார். முறம் இரண்டையும் மட்டும் ஜன்னல் வழியாகக் கொடுத்தார், “வெயில் அடிச்சா புடிச்சிக்குங்க சார்.” வண்டியோடு சென்னை வரை ஜட்காவை ஓட்டுவதாக அமீர் பந்தயம் கட்டினான். குதிரைக்கு அதில் விருப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

எல்லம்மாள் கிளப்பில் பால் ஊற்றிவிட்டு வந்தாள். ஒரு சின்னத் தூக்கை நீட்டினாள்.

“நெய். உனக்குத்தான். வேற யாருக்கும் இல்ல.”

கோதண்டத்தைப் பார்த்தால் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன்.

“நீயா ஒண்ணும் சொல்லாத. கேட்டா, பாத்ததைச் சொல்லு.”

வண்டி நகர்ந்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இன்ஜின் புகை அந்தப் பக்கம்தான் அடித்தது. கேட்க நேரமில்லை. ஆகவே இதற்குமேல் எழுதவில்லை.

மார்ச் 14, ஞாயிறு. கப்பலில்

கடல் அமைதி. வடகப் பானையும் நலம்.

மார்ச் 18, வியாழன். பினாங்கு

நாகவல்லி துறைமுகத்துக்கு வந்திருந்தாள். ஒரு வருஷம் கழித்துப் பார்க்கும் கணவன் இரண்டு கையிலும் முறத்தோடு இறங்கினால் மனைவி என்ன செய்வாள்? சிரித்தாள். எனக்கும் வேறொன்றும் தோன்றவில்லை.

அவளுக்குப் பின்னால் ஒல்லியாக ஒருவர் நின்றார். நான் இந்தக் கப்பலில் வருவதைப் பத்திரிகை ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தாராம். மடியிலிருந்து எட்டாக மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். என் திருத்தம்.

“நான்தான் சார் கோதண்டம்.”

பேசியதைக் குறித்துக்கொண்டேன். முதலில் இருந்த தோட்டத்தை ரப்பர் விலைவீழ்ச்சியில் மூடிவிட்டார்கள். பிறகு எங்கெங்கோ அலைச்சல். சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாததால் எழுதவில்லை. இப்போது கெடாவில் ஒரு தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் சீவுகிறார். படிக்கத் தெரியாது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒருவர் பத்திரிகை வாசிக்க, மற்றவர்கள் கேட்பார்கள்.

“மொதல்ல அது அழுவுதுன்னு படிச்சாங்க. இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு போறதுன்னு ரெண்டு நாள் வேலைக்கே போவல. அப்பாலதான் இது வந்துச்சி. அது அழுவலன்னா போலாம் சார். வேலை கீதுன்னு வேற சொல்லுதே.”

சனிக்கிழமைக் கப்பலுக்கு டிக்கெட் வாங்கிவிட்டார். என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: மூன்று மாடும் கறவையா?

இரண்டு எருமையும் கறவை, பசு சினை என்றேன். பார்த்ததைச் சொன்னேன்.

ஏப்ரல் 24, சனி. பினாங்கு

அம்பத்தூரிலிருந்து கடிதம். ஜெயராமன் கையெழுத்து, எல்லம்மாள் பேச்சு. தான் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்று பக்கத்திலேயே நின்றாளாம்.

“நைனாவுக்கு. ஆளு வந்துச்சி. எருமை கழுவக் கத்துக்கினு கீறாரு. பசு கன்னு போட்டுச்சி, கெடேரி. கோவிந்தன் இப்ப ரெண்டு வேளையும் பால் வாங்கறாரு. அந்த ஆளு வாசல்ல வந்து நின்னப்ப நான் அழுதேன். அடுப்பு பத்த வெக்கல. இதை நீ போட்டுக்கலாம்.”