பரவாயில்ல மாமா

ஜனவரி 16, வியாழன்

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மருதமுனையில் நான் பாதி கட்டின மதில் நனைந்துகொண்டு நிற்கிறது. மேசனுக்கு மழைநாள் என்றால் வீட்டில் எல்லாருக்கும் இடைஞ்சல். மனைவி சபூறா இரண்டு தடவை கேட்டுவிட்டாள், வெளியே ஒன்றும் அலுவல் இல்லையா என்று.

சும்மா இருப்பானேன், மாடிப்படிக்குக் கைபிடி போடுவோம் என்று வெல்டிங் பாஸ் காலிதீனிடம் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை வருகிறார். மகள் நுஸ்ஹாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. "லுஹருக்குப் பிறகு வெச்சுக்கங்க வாப்பா. காலையில அவருக்கு மீட்டிங்."

அவர் என்றால் மருமகன் இன்ஷாப். டுபாய்க் கம்பெனி ஒன்றுக்கு மேல் அறையில் இருந்தே லெப்டொப்பில் கணக்கு வேலை. வீடு மகளுக்குக் கொடுத்த சீதனம். கீழே நானும் சபூறாவும் வாடகைக்கு இருக்கிறோம் என்று பகிடி விடுவேன். மருமகனுக்கு மீட்டிங் என்றால் கீழே தும்மலைக்கூட அடக்குவேன். காலையில் தேத்தண்ணி கொண்டு படியேறுவது நான்தான். உள்ளே 'யெஸ், யெஸ், ஓகே' என்று கேட்கும். நுஸ்ஹா கதவை ஒரு கை அகலம் திறந்து கோப்பையை வாங்கிக்கொள்வாள். அந்த அறைக்குக் கல் வைத்ததும் நான், கொங்கிரீட் போட்டதும் நான். கல்யாணத்துக்குப் பிறகு உள்ளே கால் வைத்ததில்லை. மகளும் மருமகனும் இருக்கிற அறைக்குள் தகப்பன் போவது முறையல்ல.

ஓ.எல். பரீட்சையில் இரண்டு தடவையும் கணக்கில் விழுந்தவன் நான். எனக்குக் கணக்குப் பார்க்கிற மருமகன்! பள்ளிவாசலில் அஸர் தொழுது வெளியே வரும்போது, யாராவது அவரைப் பற்றிக் கேட்கட்டும் என்று செருப்பைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

ஜனவரி 18, சனி

என்னுடைய அவசரப் புத்தி.

காலிதீன் விடிந்ததும் வந்து நின்றார். பின்னேரம் அவருக்கு நிந்தவூரில் வேலையாம். சின்ன ஒட்டுத்தானே, மீட்டிங்குக்கு முன் முடித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். மெஷினை மாட்டி ஒரு பொறி பறந்தது. டப். வீடு முழுக்கக் கரண்ட் இல்லை. ஃபியூஸ் மாற்றி, கரண்ட் வந்து, ஃபேன் சுற்றி, பிரிட்ஜ் உறுமி, எல்லாம் உயிர்த்தது. கொஞ்ச நேரத்தில் நுஸ்ஹா படியின் பாதியில் வந்து நின்றாள்.

"வாப்பா, அவர்ர லெப்டொப் வேலை செய்யுதில்ல."

பின்னாலேயே மருமகன் வந்தார். முகம் கறுத்திருந்தது. கம்பெனிக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். வரும் வெள்ளிக்குள் கணக்கு அனுப்பாவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

மருமகனிடம் மன்னிப்புக் கேட்பது மாமனுக்கு லேசான காரியமல்ல. கேட்டேன். "என்ட பிழைதான் மருமகன். மனசில வெச்சுக்காதீங்க."

"பரவாயில்ல மாமா."

எதற்கும் அவருக்கு அந்த ஒரு சொல்தான். கறியில் உப்புக் கூடினாலும் பரவாயில்ல. தண்ணி மோட்டார் பழுதாகி இரண்டு நாள் வாளியில் குளித்தபோதும் பரவாயில்ல. தங்கமான பிள்ளை.

ஜனவரி 19, ஞாயிறு

லெப்டொப்பைக் கேட்டு வாங்கி, கீழே மேசையில் வைத்து நாள் முழுக்க வைத்தியம்.

யூடியூப்பில் ஒரு தம்பி சொல்கிறான்: சார்ஜரைக் கழற்று, பவர் பட்டனை அமத்திப் பிடி, விடு, சார்ஜரை மாட்டு, திரும்ப அமத்து. அமத்தி அமத்தி என் விரலில் தடம் விழுந்ததுதான் மிச்சம். பிளக்கை மாற்றினேன். கரண்ட் டெஸ்டரால் சுவிட்சைக் குத்திப் பார்த்தேன், சிவப்பு எரிகிறது. பக்கத்து வீட்டுச் சார்ஜரை இரவல் வாங்கினேன், அதன் முனை உள்ளே போகவில்லை. சபூறா ஓதி ஊதச் சொன்னாள். ஓதி ஊதினேன். கலவை மெஷின் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டுவேன். அந்தப் பழக்கத்தில் கை உயர்ந்தது, நல்ல வேளை நுஸ்ஹா பிடித்துவிட்டாள்.

"விடுங்க வாப்பா. அவர் கொழும்புக்கு அனுப்பிப் பாக்கட்டும்."

வெள்ளிக்குள் கணக்கு அனுப்ப வேண்டியவருக்குக் கொழும்பு எப்படிச் சரிவரும்? ஆனால் வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் பதற்றம் இல்லை. எனக்குத் தைரியம் சொல்லத்தான் அப்படி இருக்கிறார்கள்போல.

ஜனவரி 20, திங்கள்

இன்றும் அமத்திப் பார்த்தேன். இல்லை.

ஜனவரி 21, செவ்வாய்

காலிதீனைத் தேநீர்க் கடையில் பிடித்து ஏசினேன். உன் மெஷினால் என் மருமகனின் பிழைப்பே போகப்போகிறது என்றேன். அவர் ரொட்டியை மென்றுகொண்டே, "பெற்றரி இரிக்கிற சாமான், கரண்ட் போனா ஏன் மவுத்தாகுது நளீம் பாஸ்?" என்றார்.

நீ இரும்பைப் பார், கம்ப்யூட்டரைப் படித்தவன் பார்ப்பான் என்று வாயை அடைத்துவிட்டு வந்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மருமகனிடம் மெல்லக் கேட்டேன். பெற்றரி பழசு மாமா, கரண்டில்தான் ஓடுகிறது என்றார். அதானே. அதற்கொரு காரணம் இல்லாமலா இருக்கும்.

ஜனவரி 23, வியாழன்

நாளைக்கு வெள்ளி. வீட்டில் யாரும் அசையவில்லை. அதனால் நான் களவெடுத்தேன். என் சொந்த வீட்டில்! லெப்டொப்பைத் துவாயில் சுற்றி, புதுச் சீமெந்துப் பையில் போட்டு, மோட்டார் சைக்கிளில் கல்முனை. சரியாகிவிட்டால் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல் இருக்கலாம். மருமகன் பட்டனை அமத்தும்போது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும்.

வினோஜ் என்று காரைதீவுப் பிள்ளை, கடைத்தெருவில் கம்ப்யூட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். கீழ் மூடியைக் கழற்றியவர் விளக்கைக் கிட்ட இழுத்து, அண்ணன் முறை சொல்லிக் கேட்டார்.

"நானா, இது எப்ப நனைஞ்சது?"

நனையவில்லை தம்பி, சனிக்கிழமை வெல்டிங் அடித்தபோது கரண்ட் போனது என்று முழுக் கதையும் சொன்னேன். அவர் விளக்கைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே பச்சைப் பாசி மாதிரிப் படர்ந்திருந்தது. திருகாணிகள் துருப்பிடித்து, கம்பிமுனைகள் பொரிந்து.

"கரண்ட் போனா இப்பிடிப் பச்சை பிடிக்காது. தண்ணி போய் ஒரு மாதமாவது இருக்கும். அண்டைக்கே செத்திருக்கும், நானா."

"சனிக்கிழமை வரைக்கும் இதிலதான் அவருக்கு மீட்டிங் நடந்த."

"இதிலயா?" என்று கேட்டார். மூடியைப் போட்டுத் துவாயையும் அவரே சுற்றித் தந்தார்.

இனி எழுத ஏலா.

ஜனவரி 24, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போனன். குத்பாவில என்ன சொன்னாங்க எண்டு கேட்டா ஒண்டும் தெரியா. ஒருத்தர் வழமைபோல மருமகன்ட வேலை எப்பிடி எண்டு கேட்டார். செருப்பைத் தேடாமலே வந்திட்டன்.

நேற்றே சபூறாவைக் குசினியில வெச்சுக் கேட்டன். லெப்டொப் எப்ப பழுதான? அவள் அடுப்பைப் பாத்தாள். பிறகு சொன்னாள். டிசம்பர் அடைமழையில அறைக்குள்ள ஒழுகி, மேசையில இருந்த லெப்டொப் முழுக்க நனைஞ்சிட்டாம். வேற ஒண்டு வாங்கித் திரும்ப வேலையத் தொடங்கிறதுக்குள்ள கம்பெனிக்காரன் ஆளை மாத்திட்டானாம். வேலை அப்பவே போயிட்டாம். நுஸ்ஹாக்குத் தெரியும். இவளுக்குத் தெரியும். எனக்கு மட்டும்...

"ஏன் எனக்கிட்ட செல்லல்ல?"

"கத்தாதீங்க. மருமகனுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்."

"நீங்க போட்ட கொங்கிரீட் ஒழுகுதெண்டு எந்த மருமகன் வாய் திறந்து செல்லுவான்? ஊரெல்லாம் ஊடு கட்டிக் குடுக்கிற மேசன் மகளுக்குக் குடுத்த ஊடு. அந்தப் புள்ளைக்கு நாக்கு வரல்ல."

அது சரி. அந்தப் பிள்ளைக்கு நாக்கு வரல்ல. இவளுக்கு?

சனிக்கிழமை நான் படியடியில நிண்டு மன்னிப்புக் கேக்கிறன், பக்கத்தில இவள் முந்தானையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள். ஒரு சொல் இல்ல. ஞாயிற்றுக்கிழமை விரல் வீங்க அமத்திறன், ஓதி ஊதுங்க எண்டு சொன்னவளும் இவள்தான்! மவுத்தாப்போன லெப்டொப்புக்கு ஓதி ஊதினவன் இந்தக் கரையில நான் ஒருத்தனாத்தான் இருப்பன். காலிதீனுக்கு எவ்வளவு ஏசின. அந்த மனிசன்ட முகத்தில எப்பிடி முழிக்கிற.

மருமகன் பொய் சொன்னதைத் தாங்கலாம். பிறத்தி வீட்டுப் பிள்ளை, பயம். நான் பெத்த பிள்ளை படியில நிண்டு 'வேலை செய்யுதில்ல' எண்டாளே. அது பொய்கூட இல்ல. வேலை செய்யல்லத்தானே. அதுதான் எனக்கு ஆறுதில்ல.

ஜனவரி 25, சனி

காலையில் படியேறவில்லை. மேலே 'யெஸ், யெஸ்' கேட்டும் ஒரு வாரமாகிறது.

ஜனவரி 26, ஞாயிறு

நுஸ்ஹா கீழே வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள். நான் பேப்பரைப் பார்த்தேன். அது போன வாரத்துப் பேப்பர்.

"மேல வந்து ஒருக்காப் பாருங்க வாப்பா."

போனேன். என் அறை. மன்னிக்கவும், அவர்களுடைய அறை. கட்டிலை மூலைக்கு இழுத்துப் போட்டிருக்கிறார்கள். நடுவில் வாளி, அதற்குள் துணி, சொட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கக் கூடாதாம். சுவரில் பெரிய கஃபா படம் போட்ட துணி தொங்குகிறது. கல்யாணத்தில் வந்த அன்பளிப்பு. ஓரத்தைத் தூக்கினேன். பின்னால் சுவர் ஊறிக் கறுத்துக் கிடக்கிறது. என்னிடமிருந்து சுவரை மறைத்து வைத்திருக்கிறார்கள்.

மருமகன் எழுந்து நின்றுவிட்டார். அவருக்கு முன்னால் மேசை, ஹெட்போன், லெப்டொப் இருந்த இடத்தில் வெறும் பலகை.

"யாருட்ட மருமகன் கதைச்சீங்க இவ்வளவு நாளும்?"

ஹெட்போனை மேசை ஓரத்துக்குத் தள்ளினார்.

"ஒருத்தரிட்டயும் இல்ல மாமா. நீங்க தேத்தண்ணியோட படியேறுற சத்தம் கேட்டாக் கதைப்பன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அடிக்கவும் வந்தது. ரெண்டையும் செய்யாமல் இறங்கினேன். இறங்கும்போது என் கால் படியில் எவ்வளவு சத்தம் போடுகிறது என்று முதன்முதலாகக் கேட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

மழை இல்லை. கூரைக் கொங்கிரீட்டில் ஏறி, ஓரங்களுக்கு மண் அணைத்து, ஹோஸைத் திறந்துவிட்டு இருந்தேன். தண்ணீர் பொய் சொல்லாது. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கோட்டுப் பக்கமாகப் போய் அங்கே வற்றியது. நேர்கோடு. கிழக்கிலிருந்து மேற்கு.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. பரக்கத்தான நல்ல நாள் என்று வெள்ளிக்கிழமை கொங்கிரீட் போட்டவன் நான். பாதியில் பாங்கு சொன்னது. ஆட்களோடு ஜும்ஆவுக்குப் போய், பிரியாணியும் தின்று வந்து மிச்சத்தைப் போட்டேன். முதல் பாதி இறுகிவிட்டது. இரண்டாவது பாதி அதோடு ஒட்டவில்லை. மற்றவர்களுக்கு வேலை செய்யும்போது வெள்ளியில் கொங்கிரீட் போடவே மாட்டேன். மகளுக்கு என்றதும் பரக்கத் கண்ணை மறைத்துவிட்டது. வியாழக்கிழமையிலும் பரக்கத் இருந்திருக்கும்.

சபூறா கீழிருந்து கேட்டாள், பிழை கண்டதா என்று. கண்டது என்றேன். அதற்கு மேல் அவளோடு கதைக்கவில்லை.

ஜனவரி 30, வியாழன்

அந்த நேர்கோட்டை முழு நீளத்துக்கும் வெட்டித் திறந்து, கழுவி, வோட்டர்புரூஃப் கலந்த சாந்தால் அடைத்தேன். மருமகன் உடுத்திருந்த சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சாந்து குழைத்தார். தண்ணீர் கூடிவிட்டது. கணக்குப் படித்தவருக்குத் தண்ணீர்க் கணக்குத் தெரியவில்லை என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் எல்லாம் முடிந்ததாக எடுத்துக்கொள்வார்கள்.

பெப்ரவரி 3, திங்கள்

காலிதீனிடம் போய்ச் சொன்னேன். கோபிக்கவில்லை. "பெற்றரி இரிக்கிற சாமானெண்டு அண்டைக்கே செல்லினன்தானே," என்று ரொட்டியை என் பக்கம் தள்ளினார். இனி இந்த ஊரில் என் கொங்கிரீட்டின் கதையை அவர்தான் வெல்டிங் அடித்துக்கொண்டு திரிவார்.

மருமகன் சம்மாந்துறை அரிசி ஆலை ஒன்றில் கணக்கு வேலைக்குப் போகிறார். பள்ளிவாசலில் கேட்டார்கள். அரிசி ஆலை என்றேன். ஒருவரும் மயங்கி விழவில்லை.

பெப்ரவரி 12, புதன்

காலையிலிருந்து நல்ல மழை. சபூறா தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள். குடித்தேன். சீனி குறைவு என்றேன். போட்டாள். இன்னும் முன்னைப்போல் இல்லை. யாராவது ஒன்று சொன்னால், அதற்குப் பின்னால் வாளி இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

லுஹருக்குப் பிறகு, ஆலையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த மருமகனிடம் கேட்டேன். "மேல இப்ப எப்பிடி, மருமகன்?"

வாயைத் திறந்தார். அந்தச் சொல் வரப்போகிறது என்று காத்துக்கொண்டிருந்தேன். நுஸ்ஹா கறிச்சட்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"நடுவில ஒழுக்கு நிண்டிட்டு மாமா. ஜன்னலுக்கு மேல மட்டும் ஒழுகுது. அந்தக் கதவும் சரியாப் பூட்டுதில்ல, கட்டின நாளில இருந்து."

கட்டின நாளிலிருந்தாம்! என் கதவை! எனக்கு வந்த கோபத்தில் சோற்றைப் பாதியில் விட்டு எழும்பி ஏணியை எடுக்கப் போனேன். மழை விட்டதும் ஏறலாம் மாமா, இருந்து சாப்பிடுங்க என்றார்.

இருந்து சாப்பிட்டேன்.