அவசரத்தின் முதுகில் ஒரு காலை

மார்ச் 3, செவ்வாய்

வரலாறு இன்று மதியம் என் பட்டறைக்குள் நடந்து வந்தது. உலகம் கவனிக்கவில்லை. நான் சோபா உறைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தேன். அக்கா மகள் வந்து, பாதி தைத்த சோபாவில் தொப்பென்று விழுந்தாள்.

"மாமா, ஞாயித்துக்கிழமை காட்டுப் பாதையில குதிரைச் சவாரி. முன்னாடி வழிகாட்டி போவாங்க, பின்னாடி நாம வரிசையா. உங்களுக்கும் சேர்த்துப் பதிஞ்சாச்சு."

"குதிரை பாவம்டி."

அவள் சிரிக்கவில்லை. "படகுக்கு வரல. ராட்டினத்துக்கு வரல. மலையேறப் போனப்போ கீழயே உக்காந்துட்டீங்க. இதுக்கும் ஏதாவது சாக்கு சொன்னீங்கன்னா இனிமே உங்கள எதுக்கும் கூப்பிட மாட்டேன் மாமா. கோவத்துல சொல்லல."

கோபத்தில் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். இந்தப் பட்டறையை விட்டு என்னை வெளியே இழுக்கப் பார்க்கும் ஒரே ஜீவன் அவள்தான். அவளும் விட்டுவிட்டால்?

வருகிறேன் என்றேன். சொன்னது நான்தானா?

மார்ச் 4, புதன்

குதிரைக்காரர்களிடமிருந்து அழைப்பு. வழிகாட்டிப் பெண்ணாம். "முன்னாடி குதிரை ஏறியிருக்கீங்களா சார்?"

என் வாய்க்குத்தான் பூட்டே கிடையாதே. "என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? நான் தவழ்ந்ததே குதிரை மேலதான். தரையில நடக்கக் கத்துக்கிட்டது அதுக்கப்புறம்!"

சிரிப்பாள் என்று காத்திருந்தேன். "ரொம்ப நல்லது சார்" என்று வைத்துவிட்டாள். இதில் ரொம்ப நல்லது என்ன இருக்கிறது?

மார்ச் 6, வெள்ளி

போர்ப் பயிற்சி. சோபாவின் கைப்பிடி மேல் இருபுறமும் கால் போட்டு அமர்ந்து, தையல் நாடாவைக் கடிவாளமாகப் பிடித்துக் காற்றாய்ப் பறந்துகொண்டிருந்தேன். சாப்பாட்டுக் கூடையோடு மனைவி.

"என்னங்க இது?"

"ஒதுங்கு. வேகத்துல வரேன்."

"அது அடுத்தவங்க சோபா!"

அவள் சொல்லி வாய் மூடுமுன் கைப்பிடி முறிந்தது. போரின் முதல் பலி.

மார்ச் 7, சனி

காய்ச்சல் வருகிறதா என்று காலையிலிருந்து தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். நெற்றி பாறை மாதிரி குளிர்ந்து கிடக்கிறது. துரோகி நெற்றி.

மார்ச் 8, ஞாயிறு

ஏறினேன்! ஏறினேன்! ஏறினேன்!

பொறு. வரிசையாக எழுது.

லாயத்துக்கு முன்னால் எல்லோரையும் நிற்க வைத்து, வழிகாட்டிப் பெண் விதிமுறைகளைச் சொன்னாள். நான் கேட்கவில்லை. ஒரு குதிரையிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்தேன். அக்கா மகளுக்கு மெத்தை என்ற பெயருள்ள குண்டுக் குதிரை. எனக்கு? மாடி வீடு ஒன்றை நடத்திக் கொண்டுவருவது போல் ஒரு பழுப்புக் குதிரையைக் கொண்டுவந்தாள்.

"இது பேரு அவசரம் சார். பழகினவங்களுக்கு மட்டும்தான் குடுப்போம். நீங்க எனக்குப் பின்னாடியே வாங்க. மத்த குதிரையெல்லாம் இதைப் பார்த்துத்தான் வரும்."

அட, நான் அடித்த ஜோக்கை இவள் அப்படியே நம்பிவிட்டாளா! உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறினேன். பூமி கீழே போனது. மேகம் ஒன்று என் காதை உரசிச் சென்றது. சத்தியமாக.

குதிரை நகர்ந்ததும் பயத்தில் தொடையிரண்டையும் இடுக்கி போல் இறுக்கினேன். அவசரம் வேகமாக நடந்தது. இன்னும் இறுக்கினேன். ஓடியது. நான் இறுக்க இறுக்க அது ஓட, அது ஓட ஓட நான் இறுக்க — வழிகாட்டியையே தாண்டிவிட்டோம்! பின்னால் மொத்தப் படையும் என்னைத் துரத்தி வந்தது. என் அலறலில் அந்தக் காட்டுப் பறவைகள் வீடு மாற்றியிருக்கும்.

"மாமா! கால விடுங்க! கால்ல அமுக்கினா போன்னு அர்த்தம்!"

"விட்டா விழுந்துடுவேன்டி!"

"விழ மாட்டீங்க! தொங்க விடுங்க! முதல்ல மூச்சு விடுங்க!"

மூச்சு விடுவதையே மறந்திருக்கிறேன். விட்டேன். காலும் தளர்ந்தது. அவசரம் நின்றது. ஒன்றுமே நடக்காதது போல் குனிந்து புல் மேயத் தொடங்கியது.

வழிகாட்டிப் பெண் வந்து சேர்ந்தாள். "சார், தவழ்ந்ததே குதிரை மேலன்னு சொன்னீங்க?"

"தவழத்தான்மா செஞ்சேன். ஓடினதில்ல."

யாரோ சிரித்தார்கள். வழிகாட்டி சிரிக்காமல் என் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இதான் முதல் தடவைம்மா. ரொம்ப பயமா இருக்கு" என்றேன்.

"பரவால்ல சார். இறங்கிக்கிறீங்களா? லாயம் பக்கம்தான், நடந்தே போயிடலாம்."

அக்கா மகள் மெத்தையின் பிடரியைக் கோதிக்கொண்டிருந்தாள். நான் இறங்கிவிடுவேன் என்று அவள் முடிவு செய்துவிட்டது முகத்தில் தெரிந்தது. அந்த முகம்... நான் ராட்டினத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்த அன்றும் அவளுக்கு இதே முகம்தான்.

"கால எங்க வெச்சுக்கணும்னு இன்னொரு தடவ சொல்லும்மா" என்றேன். "இந்தத் தடவ கேக்கறேன்."

அப்புறம்? அப்புறம் என்னவென்று எழுத! ஓடைக்குள் இறங்கினோம். தண்ணீர் பாதத்தில் தெறித்தது. மேட்டில் ஏறும்போது அவசரத்தின் முதுகு எனக்குக் கீழே அலை மாதிரி அசைந்தது. உச்சியில் மரங்கள் விலகி, அடிவானம் வரை காடு விரிந்தது. அத்தனையும் என் ராஜ்ஜியம். யாருக்கும் கப்பம் கிடையாது.

"மாமா, அழறீங்களா?"

"காத்துடி."

"காத்தே இல்லையே!"

"எனக்கு மட்டும் அடிக்குது. போ."

மார்ச் 9, திங்கள்

எதிரில் வரிசையாக சோபாக்கள். ஒன்றில்கூட உட்கார முடியவில்லை. நின்றபடியே தைத்தேன். பாடிக்கொண்டே தைத்தேனாம், மனைவி புகார்.

மார்ச் 22, ஞாயிறு

இந்தத் தடவை நான்தான் அக்கா மகளைக் கூப்பிட்டேன். "இன்னிக்கு வேலை மாமா, அடுத்த வாரம் போலாமா?" என்றாள். சரி என்றேன்.

பிறகு தனியாகவே போனேன். தூறல். ஓடையில் தண்ணீர் கொஞ்சம் ஏறியிருந்தது. நானும் அவசரமும் கடந்தோம்.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.