தோளுக்கு மேல் வராத கை

ஆடி வெள்ளி, புத்தூர்.

இன்று மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸம்மா என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டுத் திட்டினார். என் வீட்டுக்காரர் வாசலில், புத்தூரைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்கும் எல்லைப் போராட்டத்து ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கட்டு அவுத்த அன்னிக்கே உன்கிட்ட சொன்னேனே, தெனம் செவுத்துல விரல வெச்சு மேல ஏத்தணும்னு. தோளு கட்டையாட்டம் இறுகிக்கினு கீதே. செய்றாரா இல்லியா?"

"செய்றாரும்மா" என்றேன்.

செய்யவில்லை. நான் சொன்னால்தானே செய்வார். ஸ்டேஷன் பலகையில் தெலுங்கு எழுத்துமேல் தார் பூச ஏணியில் ஏறி, விழுந்து, வலது தோள்பட்டையை முறித்துக்கொண்டவர் அவர். கட்டுப் போட்ட வைத்தியர் கையை அசைக்காதே என்றார். கட்டை அவிழ்த்த பிறகு நர்ஸம்மாவும் அதையேதான் சொல்கிறார் என்று நான் சொன்னேன். நம்பிவிட்டார். தினமும் அந்தக் கையை மார்போடு சேர்த்துத் துணியால் நானே கட்டுகிறேன். பார்க்க வருகிறவர்களிடம், "இவளாட்டம் யாரு பாத்துக்குவா" என்று பெருமை வேறு.

சாயங்காலம் காப்பி ஆறிப்போயிருந்தது. "இன்னாடி இது?" என்று துணியிலிருந்து கையை உருவி ஓங்கினார். பழைய வேகம்தான். ஆனால் கை மார்பு உயரத்திலேயே நின்றுவிட்டது. அலறிக்கொண்டு உட்கார்ந்தார். நான் நகரவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கண்ணைக்கூட மூடவில்லை.

"இந்தக் கை மேல வருமாடி?" என்று அழுதார்.

"வரும். ஆட்டாம இருங்க" என்று சொல்லி, துணியை எடுத்து இன்னும் இறுக்கிக் கட்டினேன்.