கரண்டி பிடிக்காதவன்

கோகந்த், 1937

ஏப்ரல் 6
இன்று பிலாவுச் சோறு போடுகிற முறை வாத்தியார் மிர்சாலிம் வீட்டுக்கு. வெறும் வயிற்றோடு போனால், வாசலில் அவன் மனைவி ஸெபினிசோ முகம் வெளுத்து நிற்கிறாள். விடிவதற்குள் ரகசியப் போலீஸ்காரர்கள் வந்து அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். எதிர்ப்புரட்சிச் சங்கத்துக்குத் தலைவனாம் அவன். சங்கம் எது? மாதம் ஒருமுறை வீடு மாற்றி வீடு உட்கார்ந்து பிலாவு தின்கிற எங்கள் வட்டம்தான்!

"நீங்க வக்கீலாச்சே அண்ணா, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யாரிடம் சொல்வது?

ஏப்ரல் 9
விசாரணை அலுவலகத்தில் என் மனுவைக் கையில்கூட வாங்கவில்லை. இந்த மாதிரி வழக்குக்கு வக்கீலே கிடையாதாம். குற்றம் உண்டு, தண்டனை உண்டு. கல்யாணம் நடக்கும், மாப்பிள்ளைக்குத்தான் இடமில்லை.

ஏப்ரல் 11
வட்டத்து ஆட்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒருவனுக்குக் காய்ச்சல். ஒருவன் அந்திஜானுக்குக் கிளம்பிவிட்டான். இன்னொருவன் தனக்குப் பிலாவே பிடிக்காது என்கிறான். மூன்று ஆள் சாப்பாடு தின்கிறவன்!

ஏப்ரல் 12
விடுமுறை. எங்கும் போகவில்லை. எரிச்சல்.

ஏப்ரல் 15
அவன் எப்படித் தலைவனானான் என்று தெரிந்துவிட்டது. ஸெபினிசோவை விசாரித்தபோது அவர்களே சொல்லியிருக்கிறார்கள். யாரோ எட்டிப் பார்த்து எழுதிக் கொடுத்தானாம், 'எல்லோரும் காத்திருக்க, ஆசிரியர் மிர்சாலிம் நடுவில் நின்று உத்தரவு போட்டார்' என்று. அட மடையா, அவன் கரண்டியோடு நின்று தீயைக் குறை, மூடியைத் திறக்காதே என்றான்! சமைக்கிறவன் தலைவனில்லை என்று எங்கள் ஊர்க் குழந்தையும் சொல்லும். வட்டத்துத் தலைவன் கரண்டியைத் தொடவே கூடாது. கதவுக்கு எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து, பிந்தி வந்தவனுக்கு அபராதம் போட்டு, சண்டை வந்தால் விலக்கிவிடுவதுதான் அவன் வேலை. எழுதிக் கொடுத்தவன் வெளியூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். விசாரிக்கிற அதிகாரியும் வெளியூர்தான்.

இதை விளக்கினால் வழக்கு உடைந்துவிடும். வக்கீலுக்குத்தான் கதவு சாத்தியிருக்கிறது. சாட்சிக்குத் திறந்திருக்கிறதே.

ஏப்ரல் 16
என் மனைவி ஹோசியத்திடம் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்: "அப்ப தலைவர் யாருன்னு கேப்பாங்களே. என்னங்க சொல்லுவீங்க?"

எழுந்து வெளியே போய்விட்டேன். வக்கீல் நானா, அவளா? மூன்று வருஷமாக அந்தச் சுவரோரம் உட்காருகிறவன் நான்தான்.

ஏப்ரல் 18
வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்ளாதே என்கிறது புத்தி. மிர்சாலிம் ஓணானா? தலைவன் என்று முடிவு கட்டிவிட்டால் அவன் திரும்பி வரப்போவதில்லை. சும்மா இருந்துவிடலாம்... இருக்க முடியுமா? பயமா இருக்கு. எழுதிட்டேன், போ.

ஏப்ரல் 20
போனேன். அதிகாரி மரியாதையாகத் தேநீர் கொடுத்தான், அதுவே எரிச்சல். கரண்டி விஷயத்தை ஒன்றுவிடாமல் விளக்கினேன். எந்த நீதிமன்றத்திலும் நான் இவ்வளவு நன்றாக வாதாடியதில்லை. தலையாட்டித் தலையாட்டி எழுதிக்கொண்டான்.

"சரி தோழர், வாத்தியார் தலைவர் இல்லை, ஒத்துக்கறேன். அப்ப யாருதான் தலைவர்?"

"நான்தான்."

பேனாவை மையில் தோய்த்தான். வீட்டுக்குப் போகலாம், ஊரைவிட்டுப் போகக் கூடாது என்றான்.

ஏப்ரல் 24
மிர்சாலிமை விட்டுவிட்டார்கள்.

ஏப்ரல் 27
வக்கீல் சங்கத்திலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். சொல்ல வந்த செயலாளன் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். ஹோசியத் மாவு பிசையப் போய்விட்டாள். திட்டித் தொலைத்திருக்கலாம்.

மே 2
சந்தையில் மிர்சாலிம். பாதியாக இளைத்திருந்தான். என்னைக் கண்டதும், பொறுக்கிய வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போய்விட்டான். நன்றிகெட்ட பயல். வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன்.

மே மாத வெயிலில் ஹோசியத் என் பஞ்சுக் கோட்டைக் கிழிசல் பார்த்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பிடித்துப் போகிறவர்களைக் குளிர் நாட்டுக்குத்தான் அனுப்புகிறார்களாம்; எதற்கென்று நான் கேட்கவில்லை. மிர்சாலிம் செய்ததைச் சொன்னேன்.

"அவரு உங்ககிட்ட யோசனை கேட்டிருந்தா, வக்கீலா என்னங்க சொல்லியிருப்பீங்க?"

எதிர்ப்பக்கம் போ என்றுதான் சொல்லியிருப்பேன்.